இயற்கையின் சமச்சீர்மையும் நியூட்ரினோ ஆய்வும்

முன்னுரை

திருவண்ணாமலைக்குப் புதிதாக வருவோர் கண்ணில் முதலில் படுவன மலையும் கோபுரங்களும் ஆகும். திசைக்கு ஒன்றாக நான்கு பெருங்கோபுரங்கள் நிற்கக் கண்டவர், நான்கும் ஓர் அளவினவே என்று எண்ணக்கூடும். அளந்து பார்த்தாலோ, கிழக்கிலுள்ள இராசகோபுரம் 11 நிலைகளும் 217 அடி உயரமும் உடையது. ஏனைய மூன்றும் அதனினும் உயரம் குறைந்தவை. மலையும் அவ்வாறே. ஓரிடத்தில் நின்று பார்ப்பவர்க்கு அது ஒரே வடிவினதாகத் தோன்றும். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றுப்பாதையில் நடந்து பார்ப்பவருக்கே அது திசைதோறும் வடிவம் மாறுவது புலப்படும். ஒத்திருக்கிறது என்று எண்ணுவது கண்ணின் இயல்பு. ஒத்திருக்கிறதா என்று அளந்தும் சுற்றியும் பார்ப்பது அறிவின் கடமை.

இயற்பியலிலும் இத்தகைய கேள்வி ஒன்று எழுந்தது. இயற்கையின் அடிப்படை விதிகள் இடத்திற்கும் வலத்திற்கும் பொதுவானவையா? பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் ஒன்றேயா? காலத்தின் முன்னோக்கும் பின்னோக்கும் அவற்றிற்கு வேறுபாடில்லையா? இக்கேள்விகளுக்குச் சான்று கூற வந்த துகள்களுள் தலையாயது நியூட்ரினோ. அதன் வரலாற்றில் தமிழ்நாட்டிற்கும் தமிழர் உழைப்பிற்கும் உள்ள பங்கினைச் சுட்டி, அந்த ஆய்வின் பொருளை மாணவர்க்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சமச்சீர்மை என்பது யாது?

ஒரு பொருளை அல்லது விதியை ஒருவகையில் மாற்றிய பின்னரும் அது மாறாமல் இருக்குமாயின், அம்மாற்றத்தைப் பொறுத்து அது சமச்சீர்மை உடையது என்பர். வட்டத்தை எவ்வளவு திருப்பினாலும் வட்டமே. சதுரத்தைக் கால்வட்டம் திருப்பினால் மீண்டும் அதே சதுரம். இவை வடிவத்தின் சமச்சீர்மைகள். இயற்பியலார் நாடுவது விதியின் சமச்சீர்மையை.

அவற்றுள் மூன்று இங்கே இன்றியமையாதவை. முதலாவது, இடவல மாற்றம்: ஒரு நிகழ்ச்சியைக் கண்ணாடியில் கண்டால் தோன்றும் நிகழ்ச்சியும் இயற்கையில் நடக்கக்கூடியதாக இருத்தல். இரண்டாவது, எதிர்த்துகள் மாற்றம்: ஒவ்வொரு துகளுக்கும் பதிலாக எதிர் மின்னூட்டம் கொண்ட எதிர்த்துகளை வைத்தாலும் விதி மாறாதிருத்தல். மூன்றாவது, காலத் திருப்பம்: நிகழ்ச்சியைப் பின்னோக்கி ஓட்டினாலும் அது விதிக்கு உட்பட்டதாகவே இருத்தல்.

இம்மூன்றையும் தனித்தனியே இயற்கை மதிக்க வேண்டும் என்பதற்குக் கணிதத்தில் கட்டாயம் இல்லை. ஆயின் மூன்றையும் ஒருசேரச் செய்தால் விதி மாறவே கூடாது என்பது 1950களில் நிறுவப்பட்ட தேற்றமாகும். இதனை மும்மைச் சமச்சீர்மை என்று இக்கட்டுரையில் அழைப்போம். எந்த வேகத்தில் சீராகச் செல்பவருக்கும், எத்திசையை நோக்குபவருக்கும் விதிகள் ஒன்றே என்னும் ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கை அதன் அடித்தளங்களுள் ஒன்று. துகளுக்கும் அதன் எதிர்த்துகளுக்கும் நிறை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது அத்தேற்றத்தின் விளைவு.

நியூட்ரினோவின் பிறப்பு

அணுக்கருவினின்று எலக்ட்ரான் வெளிப்படும் பீட்டாச் சிதைவில் ஆற்றலின் ஒரு பகுதி கணக்கில் வராமல் மறைவதை 1920களில் கண்டனர். ஆற்றல் அழிவதில்லை என்ற விதியையே கைவிடலாமா என்று கருதியோரும் இருந்தனர். 1930 டிசம்பரில் உல்ஃப்காங் பவுலி வேறொரு வழி கூறினார்: மின்னூட்டமற்ற, கண்ணுக்கும் கருவிக்கும் புலப்படாத ஒரு சிறு துகள் அவ்வாற்றலைக் கொண்டு செல்கிறது. அத்துகளுக்கு நியூட்ரினோ என்று பெயர் வழங்கி, அதன் கோட்பாட்டை வகுத்தவர் என்ரிக்கோ ஃபெர்மி. பவுலி கூறி 26 ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1956இல் ரைன்ஸ், கோவன் என்னும் இருவர் அமெரிக்காவிலுள்ள ஓர் அணு உலையின் அருகே அதனைச் செய்முறையில் கண்டனர்.

கதிரவனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டும் நம் கட்டைவிரல் நகத்தின் பரப்பில் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி ஊடுருவிச் செல்கின்றன. பகலில் தலைவழியாகவும் இரவில் புவியைத் துளைத்துக் கால்வழியாகவும் அவை செல்கின்றன. நமக்கு ஊறேதும் இல்லை. நாம் அறிவதும் இல்லை. மின்விசையும் அணுக்கருவின் வலுவிசையும் அதனைத் தொடுவதில்லை. மெல்விசை என்னும் அணுக்கரு விசையும், மிக நலிந்த ஈர்ப்பும் மட்டுமே அதனைத் தொடும். மற்ற விசைகளின் குறுக்கீடு இன்றி மெல்விசையின் இயல்பைக் காட்டுவதால்தான் சமச்சீர்மையைச் சோதிக்க நியூட்ரினோ ஏற்ற சான்றாயிற்று.

கண்ணாடி பொய்த்த கதை

1956 வரை இடவலச் சமச்சீர்மையை ஐயுற்றோர் அரிதினும் அரியர். அவ்வாண்டில் லீ, யாங் என்னும் சீன இளைஞர் இருவர், மெல்விசையில் இச்சமச்சீர்மை இதுவரை சோதிக்கப்படவே இல்லை என்று எடுத்துக்காட்டினர். எல்லோரும் நம்பியது உண்மை. எவரும் சோதித்ததில்லை என்பதும் உண்மை.

அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இச்செய்தியைக் கேட்டு, விமானத்தில் இலண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார் இன்றைய பாக்கித்தானைச் சேர்ந்த ஜங் நகரத்தவரான அப்துஸ் சலாம். இயற்கை இடத்தையும் வலத்தையும் ஏன் வேறுபடுத்த வேண்டும் என்று அவ்விரவு முழுவதும் சிந்தித்தார். நியூட்ரினோவுக்கு நிறையில்லை எனக் கொண்டால், அது ஒருபக்கச் சுழற்சி மட்டுமே உடையதாக அமையலாம். சமச்சீர்மை முறிவதற்கு அதுவே காரணமாகலாம் என்று அவருக்குத் தோன்றிற்று. அக்கருத்தைப் பவுலியின் பார்வைக்கு அனுப்பினார். நியூட்ரினோவைக் கருத்தால் ஈன்ற அப்பெரியாரோ, வேறு நல்ல கருத்தைச் சிந்திக்குமாறு கூறி அனுப்பிவிட்டார்.

வூ அம்மையாரின் குழுவினர் கோபால்ட் அணுக்களைக் கடுங்குளிரில் காந்தத்தால் ஒருமுகப்படுத்தி ஆராய்ந்தனர். வெளிவந்த எலக்ட்ரான்கள் இருபுறமும் சமமாகச் செல்லாமல் ஒருபுறமே மிகுதியாகச் சென்றன. 1957 சனவரியில் முடிவு வெளியாயிற்று. கண்ணாடியில் தோன்றும் நிகழ்ச்சி இயற்கையில் அவ்வாறே நடப்பதில்லை என்று தெளிவாயிற்று. பவுலி தம் கருத்தை மாற்றிக்கொண்டு சலாமிடம் வருத்தம் தெரிவித்தார். பின்னாளில் மெல்விசையையும் மின்காந்த விசையையும் ஒன்றிணைத்த பணிக்காகச் சலாம் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இடம்புரியும் வலம்புரியும்

1958இல் கோல்ட்ஹேபர் குழுவினர் நியூட்ரினோவின் சுழற்சியையே அளந்தனர். அம்முடிவை விளக்க நம் தமிழில் ஓர் அழகிய உவமை உண்டு. மன்னார் வளைகுடாவில் எடுக்கப்படும் சங்குகளுள் பெரும்பாலானவை இடம்புரி. வலம்புரி மிக அரிது. கண்ணாடியின் முன் இடம்புரிச் சங்கினை வைத்தால் உள்ளே தோன்றுவது வலம்புரி. அரிதே ஆயினும் வலம்புரி கடலில் உண்டு. நியூட்ரினோவில் நிலைமை வேறு. ஆய்வில் கண்டவை யாவும் இடம்புரியே. வலம்புரி நியூட்ரினோ ஒன்றுகூட அகப்படவில்லை. எதிர் நியூட்ரினோக்களோ அனைத்தும் வலம்புரி. ஆகவே நியூட்ரினோவைக் கண்ணாடியில் மட்டும் பார்த்தால் இயற்கையில் இல்லாத ஒன்று தோன்றும். கண்ணாடியில் பார்த்து, உடன் எதிர்த்துகளாகவும் மாற்றினால் உள்ள ஒன்று கிடைக்கும். தனித்தனியே முறிந்த இரு சமச்சீர்மைகள் சேர்ந்தால் நிலைக்கும்போலும் என்று அறிஞர் ஆறுதல் கொண்டனர்.

மெல்விசையின் சரியான வடிவை 1957இல் மார்ஷாக்குடன் சேர்ந்து வகுத்தவர் ஈ.சி.ஜி. சுதர்சன். கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் பிறந்து, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்றவர். பின்னாளில் சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தவர். அக்கோட்பாட்டிற்கு அன்றைய செய்முறை முடிவுகளுள் நான்கு முரணாக இருந்தன. அந்த நான்கினையும் மீண்டும் செய்து பார்க்க வேண்டும் என்று அவ்விருவரும் துணிந்து எழுதினர். மீண்டும் செய்தபோது பிழை செய்முறைகளிலேயே இருந்தது தெரியவந்தது. கோட்பாட்டைச் செய்முறை சோதிக்கும். செய்முறையையும் கோட்பாடு சோதிக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

கோலார்ச் சுரங்கத்தில் கண்ட சான்று

நியூட்ரினோவை ஆராய்வோர் மலைக்கடியிலும் சுரங்கத்திலும் புகுவதற்குக் காரணம் உண்டு. விண்ணிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதி மியூவான் என்னும் துகள்களை மழைபோலப் பொழிகின்றன. அப்பொழிவில் அரிதான நியூட்ரினோ நிகழ்ச்சியைக் காண்பது, இரைச்சல் மிகுந்த சந்தையில் ஊசி விழும் ஓசையைக் கேட்பது போன்றது. தடித்த பாறை மியூவான்களைத் தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் உள்ளே வரும்.

அத்தகைய பாறை நமக்கு அருகிலேயே வாய்த்தது. கோலார்த் தங்க வயலில் ஓமி பாபாவின் தூண்டுதலால் 1951இலேயே பி.வி. ஸ்ரீகண்டன் அண்டக்கதிர் ஆய்வைத் தொடங்கினார். ஆழம் செல்லச் செல்ல மியூவான் குறைந்துகொண்டே வந்தது. அமைதி மிகுந்த அவ்வாழத்தில் நியூட்ரினோவைத் தேடலாம் என்ற துணிவு பிறந்தது. எம்.ஜி.கே. மேனன் முதலானோர் வழிகாட்ட, மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவை இணைந்து ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவின. மேலிருந்து வரும் மியூவானைத் தேடாமல், கிடையாக வரும் மியூவானையே தேடும் வகையில் அவை அமைக்கப்பட்டன. பல கிலோமீட்டர் பாறையைக் கிடையாகக் கடந்து மியூவான் வர இயலாது. ஆதலால் அவ்வாறு வருவது, அருகிலுள்ள பாறையில் நியூட்ரினோ மோதிப் பிறந்ததாகவே இருத்தல் வேண்டும்.

1965இல் காற்று மண்டல நியூட்ரினோ அங்கே காணப்பட்டது. தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் ரைன்ஸ் குழுவினரும் அதே ஆண்டில் கண்டனர். கோலார்க் குழுவின் ஆய்வுரை ஆகஸ்டுத் திங்களில் இரு வாரம் முந்தி அச்சேறியது.

இங்கே ஒன்றை நினைவுகூர்தல் தகும். அச்சுரங்கத்தில் உழைத்தோரில் பெரும்பகுதியினர் தமிழர். அவருள் வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து சென்றோர் பலர். 1989 வரை திருவண்ணாமலை அம்மாவட்டத்தின் பகுதியே ஆகும். தங்கத்திற்காக அவர்கள் குடைந்த பள்ளத்திலேயே உலக அறிவியலுக்கு இந்தச் சான்றும் கிடைத்தது. ஆய்வுரைகளில் அவர்தம் பெயர் இல்லை. அவர் குடைந்த ஆழம் இருக்கிறது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது.

அலைவும் புதிய ஐயமும்

நியூட்ரினோவில் எலக்ட்ரான், மியூவான், டௌ என மூவகை உண்டு. 1998இல் ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே ஆய்வுக்கூடம், புவிக்கு அடியிலிருந்து மேல்நோக்கி வரும் மியூவான் வகை நியூட்ரினோக்கள் மேலிருந்து வருவனவற்றில் ஏறத்தாழப் பாதியே என்று கண்டது. நீண்ட வழியில் அவை வேறு வகையாக மாறிவிடுகின்றன. இதற்கு நியூட்ரினோ அலைவு என்று பெயர். கோலாரில் காணப்பட்ட அதே இனமான காற்று மண்டல நியூட்ரினோவே இவ்வுண்மையை உணர்த்திற்று என்பது கருதத்தக்கது. கதிரவ நியூட்ரினோக்களும் வகை மாறுவதைக் கனடாவின் சட்பரி ஆய்வுக்கூடம் மெய்ப்பித்தது. இவற்றிற்காகக் கஜிட்டா, மெக்டொனால்டு இருவர்க்கும் 2015இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அலைவு உண்டெனில் நிறையும் உண்டு. ஆகவே நிறையில்லாத நியூட்ரினோ என்ற பழைய கருத்தும் திருத்தம் பெற்றது. அந்நிறை மிகச் சிறிதாதலால் இடம்புரி, வலம்புரி என மேலே கூறியது நடைமுறையில் இன்றும் பொருந்தும்.

இடவல மாற்றத்தையும் எதிர்த்துகள் மாற்றத்தையும் சேர்த்துச் செய்யும் இரட்டைச் சமச்சீர்மை குவார்க்குகளால் ஆன கேயான் துகள்களில் முறிவது 1964இலேயே காணப்பட்டது. நியூட்ரினோவிலும் அது முறியுமா? முறியுமாயின், நியூட்ரினோவும் எதிர் நியூட்ரினோவும் வெவ்வேறு அளவில் அலைவுறும். இது சிறு கேள்வி அன்று. அண்டம் தோன்றியபோது பொருளும் எதிர்ப்பொருளும் சம அளவில் தோன்றியிருந்தால் ஒன்றையொன்று அழித்து ஒளி மட்டுமே எஞ்சியிருக்கும். மலையும் மனிதரும் இருப்பதற்குக் காரணமான அச்சிறு வேற்றுமையின் தோற்றம் நியூட்ரினோவில் இருக்கலாம் என்று கருதுவோர் உளர்.

ஜப்பானில் டோக்காய் என்னும் இடத்திலிருந்து 295 கிலோமீட்டர் அப்பாலுள்ள கமியோகாவுக்கு நியூட்ரினோக் கற்றை அனுப்பும் ஆய்வு 2020இல் ஒரு முடிவினை வெளியிட்டது. எலக்ட்ரான் வகை நியூட்ரினோ நிகழ்ச்சிகள் 90. எதிர் நியூட்ரினோ நிகழ்ச்சிகள் 15. சமச்சீர்மை நியூட்ரினோவின் பக்கம் முழுமையாக முறிந்திருந்தால் 82உம் 17உம், மறுபக்கம் முறிந்திருந்தால் 56உம் 22உம் கிடைத்திருக்க வேண்டும் என்பது கணக்கு. முடிவு முதற்பக்கம் சாய்கிறது. ஆயினும் உறுதியான கண்டுபிடிப்பு என்று சொல்ல அது போதாது. அதனால் இன்னும் பெரிய ஆய்வுக்கூடங்கள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கட்டப்படுகின்றன.

மும்மைச் சமச்சீர்மையின் சோதனை

எஞ்சி நிற்பது மும்மைச் சமச்சீர்மை. இதுவும் முறியுமாயின் இன்றைய இயற்பியலின் அடித்தளமே அசையும். ஆகவேதான் இதனையும் சோதிக்கின்றனர். சோதனையில் எத்துணை நிதானம் வேண்டும் என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகளைச் சுட்டலாம்.

1987 பிப்ரவரி 23ஆம் நாள், ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் வெடித்த ஒரு விண்மீனின் நியூட்ரினோக்கள் புவியை வந்தடைந்தன. சில மணி நேரத்தில் ஒளியும் வந்தது. அத்தனை நெடிய வழியில் அவ்வளவே வேறுபாடு என்பதால், நியூட்ரினோவின் வேகம் ஒளியின் வேகத்தை மிக நெருங்கியதே என்று உறுதியாயிற்று.

2010இல் அமெரிக்காவின் மினோஸ் ஆய்வு, நியூட்ரினோவுக்கும் எதிர் நியூட்ரினோவுக்கும் அலைவு வேறுபடுவதாகத் தோன்றும் ஒரு முடிவை வெளியிட்டது. மும்மைச் சமச்சீர்மை முறிந்ததோ என்று உலகம் வியந்தது. அக்குழுவினரே மேலும் தரவுகளைச் சேர்த்தனர். 2012இல் அவ்வேறுபாடு மறைந்தது.

2011 செப்டம்பரில், சுவிட்சர்லாந்திலிருந்து இத்தாலிக்கு ஏறத்தாழ 730 கிலோமீட்டர் சென்ற நியூட்ரினோக்கள் ஒளியினும் 60 நானோ நொடி முந்தி வந்ததாக ஒபேரா குழு அறிவித்தது. சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழை இணைப்பு பிழைக்கு முதற்காரணம் என்று 2012இல் கண்டறியப்பட்டது. முதல் அறிவிப்பின்போதே தம் முடிவைப் பிறர் ஆராயுமாறு அவர்கள் வேண்டியிருந்தனர். பிழை நேர்வது இழிவன்று. அதனை மறைப்பதே இழிவு.

பொட்டிப்புரத்தின் கேள்வி

மும்மைச் சமச்சீர்மையைச் சோதிக்க நியூட்ரினோவையும் எதிர் நியூட்ரினோவையும் பிரித்தறிதல் வேண்டும். அதற்கென அமைந்ததே தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், போடி மேற்கு மலையில் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வுக்கூடம். அங்கே 50,000 டன் இரும்பைத் தகடு தகடாக அடுக்கிக் காந்தமாக்குவது திட்டம். மியூவான் வகை நியூட்ரினோ மோதினால் எதிர்மின்னூட்ட மியூவானும், எதிர் நியூட்ரினோ மோதினால் நேர்மின்னூட்ட மியூவானும் பிறக்கும். காந்தப்புலம் ஒன்றை ஒருபுறமும் மற்றதை மறுபுறமும் வளைக்கும். புவியின் பொருளால் வரும் வேற்றுமையைக் கணக்கில் கழித்த பின்னும் இருவகை அலைவும் வேறுபட்டால் மும்மைச் சமச்சீர்மை ஐயத்திற்கு உரியதாகும். இதன் வாய்ப்பை இந்திய இயற்பியலார் 2004ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினர். இத்தகைய பெருங்காந்தம் உலகில் வேறெங்கும் கட்டப்பட்டதில்லை. இதன் சிறு முன்மாதிரியாக 85 டன் கருவி மதுரையில் 2018இல் இயங்கத் தொடங்கியது.

நடுவண் அமைச்சரவை 2015 சனவரியில் இசைவளித்தது. ஆயினும் குகை குடையப்படவில்லை. பாறையை வெடிவைத்துக் குடைந்தால் நீர்வளம் என்னாகும், காடு என்னாகும் என்று ஊர்மக்கள் வினவினர். பசுமைத் தீர்ப்பாயம் முன்னைய சுற்றுச்சூழல் இசைவை 2017இல் நிறுத்தி வைத்தது. 2018இல் புதிய இசைவு வழங்கப்பட்டபோதும், காட்டுயிர் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. புலிகளின் வழித்தடம் அம்மலை என்று கூறி, திட்டத்திற்கு இசைய இயலாது எனத் தமிழ்நாடு அரசு 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இதற்கிடையே, இத்திட்டத்தின் குறிக்கோள்களுள் ஒன்றான நியூட்ரினோ நிறைவரிசையை அளக்கும் சீனாவின் ஜூனோ ஆய்வுக்கூடம் 2025 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிவிட்டது.

இவ்வழக்கில் இருவகை அச்சங்கள் கலந்துவிட்டன. நியூட்ரினோவால் உடலுக்கு ஊறு என்பது ஒன்று. அது தவறு என்பதை மேலே கண்டோம். மலைக்கும் நீருக்கும் காட்டுக்கும் ஊறு என்பது மற்றொன்று; அது முறையான கேள்வி, அதற்குத் தரவுகளால் விடை வேண்டும். முன்னதைக் காட்டிப் பின்னதை எள்ளுவதும், பின்னதைக் காட்டி முன்னதைப் பரப்புவதும் நேர்மையாகா.

தமிழ் மாணவரின் பங்கு

இவ்விடத்தில் தமிழ்த்துறைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கேள்வி எழுப்பிய உழவரின் மொழி தமிழ். ஆய்வுரைகளின் மொழி ஆங்கிலம். இரண்டிற்கும் இடையே பாலம் இல்லாதபோது ஐயம் வதந்தியாகிறது. விளக்கம் கட்டளையாக ஒலிக்கிறது. இடம்புரி, வலம்புரி என்ற இரு சொற்கள் ஓர் அரிய இயற்பியல் உண்மையைக் கடற்கரைச் சிறுவனுக்கும் விளங்கச் செய்யும். இத்தகைய சொற்கள் நம்மிடம் நிறைய உண்டு. எடுத்து வழங்குவோர் குறைவு. இயற்பியல் மாணவரும் தமிழ் மாணவரும் ஒரு மேசையில் அமர்ந்து ஓர் அறிவியல் கட்டுரையைத் தமிழாக்கிப் பார்த்தால், இருவரும் தாம் அறிந்ததாக எண்ணியிருந்தவற்றுள் அறியாதவை எவை என்பதை உணர்வர். அதுவும் ஒரு சோதனையே.

முடிவுரை

இயற்கை இடவல வேறுபாடு அறியாதது என்று அறிஞர் உலகம் நம்பியிருந்தது. சோதித்தபோது அது பொய்த்தது. பவுலி மறுத்தார், பின்னர் தம் பிழையை ஒப்புக்கொண்டார். மும்மைச் சமச்சீர்மை இன்றுவரை எல்லாச் சோதனைகளிலும் வென்று நிற்கிறது. ஆயினும் சோதனை ஓயவில்லை. ஒரு கொள்கையை மதிப்பதன் உயர்ந்த வடிவம் அதனைச் சோதனைக்கு உட்படுத்துவதே.

தம் கொள்கையை இவ்வாறு சோதிக்கும் அறிவியலாருக்கு, ஊர்மக்கள் தம்மை வினவுவது புதுமையாகத் தோன்ற வேண்டியதில்லை. வினவும் மக்களும் விடையைப் பொறுமையுடன் கேட்க வேண்டும். கோலாரின் ஆழத்தில் நம் முன்னோர் பாறையைக் குடைந்தனர்; அறியாமை என்னும் பாறையை நம் மொழியால் குடைவது நம் பங்கு. மலையை ஒருபுறம் மட்டும் கண்டு முடிவு கூறாமல், சுற்றி வந்து பார்த்துப் பேசும் பழக்கத்தை மாணவ நண்பர்கள் மேற்கொள்வார்களாக.